பாடம்: நம் கிணறுகளை நாமே அளப்போம்

ஒரு கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று எப்படித் தீர்மானிக்கிறோம்? ஒரு வாய் குடித்துப் பார்க்கிறோம். உப்புக் கரித்தால் "கெட்டுப் போயிற்று" என்கிறோம். ஆனால் நாக்குக்கு உப்புத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். உரத்திலிருந்து தண்ணீரில் சேரும் நைத்திரேற்றுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. நாக்கு அறியாததை அளவுதான் அறியும். அந்த அளவை ஊராகச் சேர்ந்து எடுப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

எமது காலடியில் உள்ள தண்ணீர்

உங்களிற் பலர் 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்தவர்கள். அல்லது அவர்களுடைய பிள்ளைகள். குளத்தை நம்பி வயல் செய்தவர்களும், செம்மண்ணில் கிணற்றை நம்பித் தோட்டம் செய்தவர்களும் இங்கு மணலில் வெங்காயமும் மிளகாயும் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. மழை நீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்பு நீர் பாரமானது, நல்ல நீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. இதை மறுபக்கமாகவும் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏற இடம் உண்டு.

மணல் உரத்தையும் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுத்தது போக மிஞ்சிய யூரியா நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீருடன் கீழிறங்கி, அதே கிணற்றுக்கு வந்து சேருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இந்த எல்லையைத் தாண்டிய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்ல முடியாமல் உடல் நீலம் பாயும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

ஏன் கூட்டாகச் செய்ய வேண்டும்?

வேலிகள் நிலத்தின் மேல்தான்; கீழே தண்ணீர் ஒன்றே. இதைப் புத்தளம், சிலாபம் கரையின் இறால் பண்ணையாளர்கள் பெரும் விலை கொடுத்துப் படித்தார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் பரவியபோது, ஒரே நீரைப் பாவித்த பண்ணைகளில் எவராலும் தன் குளத்தை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடுவது என்று பொது நாட்காட்டி வகுக்கப்பட்டது.

இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் வரட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், 2003 முதல் சில ஆண்டுகள் விவசாயிகளே நிலத்தடி நீரை அளந்தார்கள். மழையையும் கிணற்று மட்டத்தையும் ஆண்களும் பெண்களும் குறித்து ஊருக்குத் தெரியும்படி எழுதி வைத்தார்கள். போகம் தொடங்குமுன் கூடி, இருக்கும் தண்ணீருக்கு எந்தப் பயிர் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். எவருக்கும் கட்டளை இடப்படவில்லை. எனினும் கணக்கைக் கண்ட பலர் தாமாகவே பயிரை மாற்றினார்கள்.

பொதுவில் இருக்க வேண்டியவை

1. நேரான சுவருள்ள மழைமானி ஒன்று. மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைக்க வேண்டும்.
2. ஊருக்கு ஒரு மின்கடத்துதிறன் மானி. இது உப்பைக் காட்டும். பத்து வீட்டில் பத்து மானி இருந்தால் பத்து விதமான அளவு வரும். ஒரே மானியால் அளந்தால்தான் கிணற்றோடு கிணற்றை ஒப்பிடலாம்.
3. மானியைச் சரிபார்க்கும் திரவமும், நைத்திரேற்றுச் சோதனைத் தாள்களும். தாள்களின் காலாவதித் திகதியைப் பாருங்கள்.
4. அளவு நாடா, ஊரின் வரைபடம், இரண்டு கொப்பிகள். ஒன்று வீட்டில், மற்றது வேறோர் இடத்தில்.

மானி வாங்குவது ஒருமுறைச் செலவு. திரவம், தாள், மின்கலம் ஆகியவை வருடாவருடச் செலவு. முதல் கூட்டத்திலேயே இரண்டுக்கும் பங்கு பிரியுங்கள். இதை மறந்த ஊரில் மானி பெட்டிக்குள்தான் இருக்கும்.

அளக்கும் முறை

களப்போரம், நடு, கடலோரம் என்று பத்துக் கிணறுகளைத் தெரிவு செய்யுங்கள். தோட்டக் கிணறும் குடிநீர்க் கிணறும் கலந்திருக்கட்டும். ஒவ்வொரு கிணற்றுக்கட்டிலும் ஓர் அடையாளம் வையுங்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், பம்பு போடுமுன், அந்த அடையாளத்திலிருந்து நீர்மட்டம் வரை அளவுங்கள். போத்தலை அதே நீரால் மூன்று முறை கழுவிய பின் மாதிரி எடுங்கள். நைத்திரேற்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தாளின் நிறத்தை இருவர் தனித்தனியே பார்த்து எழுதுங்கள். அளக்காத நாளில் வெற்றிடம் விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒரு பொய் எண் நூறு மெய் எண்களைக் கெடுத்துவிடும்.

தாள் காட்டுவது எச்சரிக்கை மட்டுமே. எல்லைக்கு அண்மித்த கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் சோதிப்பியுங்கள். அதுவரை குழந்தைக்கு வேறு நீர் கொடுங்கள்.

கொப்பி யாருக்குச் சொந்தம்?

இது கடினமான கேள்வி. குத்தகைக் காணியில் செய்பவர், "கிணறு கெட்டது" என்று எழுதினால் காணிக்காரர் கோபிப்பாரோ என்று அஞ்சுவார். காணிக்காரர், காணியின் விலை விழுமோ என்று அஞ்சுவார். "வந்தவர்கள்தான் தண்ணீரைக் கெடுத்தார்கள்" என்று ஒரு சாரார் சொல்வர். "முன்பே கெட்டிருந்தது" என்று மறுசாரார் சொல்வர். இரு சாராரும் ஒரே தண்ணீரையே குடிக்கிறார்கள். எனவே அளக்கும் குழுவில் இரு சாராரும் இருக்கட்டும். கிணறுகளுக்குப் பெயரன்றி இலக்கம் கொடுங்கள். எதை ஊருக்குக் காட்டுவது, எதை அதிகாரிகளுக்குக் கொடுப்பது என்பதை அளக்கத் தொடங்குமுன் எழுத்தில் தீர்மானியுங்கள். ஆனால் குடிநீர்க் கிணறு எல்லை தாண்டினால், அதைக் குடிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றே சொல்ல வேண்டும். அதில் இரகசியம் இல்லை.

ஈராண்டுக் கொப்பி கையில் இருந்தால் நீர்வளச் சபையிடமும் விவசாயத் திணைக்களத்திடமும் முறைப்பாட்டோடு அல்ல, ஆதாரத்தோடு போகலாம். உரத்தைச் சிறுசிறு பங்காகப் பிரித்து இட்டதால் பயன் உண்டா என்பதையும் அதே கொப்பி சொல்லும்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது ஊரில் முதலில் அளக்க வேண்டிய பத்துக் கிணறுகள் எவை?
2. மானி யார் வீட்டில் இருக்கும்? அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் பொறுப்பு?
3. வருடாவருடச் செலவை எப்படிப் பங்கிடுவது?
4. ஒருவர் கிணறு கெட்டதென்று தெரிந்தால், அவர் தனித்துப் போகாமல் ஊர் என்ன செய்யும்?

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் முதல் அளவை எடுத்துவிடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் உள்ள அந்த இரண்டு எண்களே உங்கள் கொப்பியின் முதற் பக்கம்.