வலிப்பு நோயுள்ள பிள்ளையும் பெற்றோர் கடமையும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் காலை முதல் இரவு வரை நாம் கடையே கதியென்று இருக்கிறோம். வீட்டில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் தாய் ஒருத்தியே தாங்குகிறாள். அந்தப் பாரத்தில் நமது பங்கு யாது என்பதே இன்றைய பாடம்.

வலிப்பு பேயினாலோ பெற்றோரின் பாவத்தினாலோ வருவதன்று, தொற்றுவதுமன்று. மூளை நரம்புகளின் மின்னோட்டம் திடீரென முறை தவறுவதால் வருவது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், முறையான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வலிப்பால் வருந்திய பெண்மணி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. பொறுத்தால் சுவனம், விரும்பினால் குணமாக துஆ என்றார்கள் நாயகம். அவர் பொறுமையையே தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். நாயகமும் அவ்வாறே துஆச் செய்தார்கள். நோயாளியின் மானம் காப்பது நம் கடமை என்பது இதனால் விளங்கும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நாயகமே. ஆகவே பொறுமை என்பது வைத்தியத்தைக் கைவிடுவதன்று. சூலியா தெரு நாகூர் தர்காவில் துஆக் கேட்போரும் மாத்திரையை நிறுத்தலாகாது.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியோ தண்ணீரோ கொடுக்கலாகாது. கை கால்களை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.

பற்று வரவை நாள் தவறாமல் எழுதும் நாம், வலிப்பு வந்த நாள், நேரம், கொடுத்த மருந்து ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டலாம். பல மாதம் வலிப்பு வரவில்லையே என்று நாமாக மருந்தை நிறுத்தினால் அது கடுமையாகத் திரும்பக்கூடும். தூக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும். பருவமடையாத பிள்ளைக்கு ரமளான் நோன்பு கடமையில்லை. பருவமடைந்த பின் டாக்டரையும் ஆலிமையும் கலந்து முடிவு செய்யுங்கள்.

நாளை சம்பந்தம் பேச வருவோர் என்ன சொல்வார்களோ என அஞ்சி நோயை மறைக்கிறோம். பள்ளி ஆசிரியருக்குத் தெரியாவிட்டால், வகுப்பில் விழும் பிள்ளையைக் காப்பவர் யார்? டாக்டர் குறித்த நாளில் கடையைப் பங்காளியிடம் ஒப்புவித்து, தகப்பனாரும் உடன் செல்லட்டும். ஒரு நாள் வியாபாரம் குறைந்தால் மறுநாள் ஈடு செய்யலாம். தளர்ந்துபோன தாயின் மனத்துக்குத் துணை நிற்பவர் நாமன்றி வேறு யார்? அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும் பெற்றோருக்கு ஸப்ரையும் தந்தருள்வானாக! ஆமீன்.