வண்ண மீன்களின் குடற்புழு நோயும் அதற்குரிய சிகிச்சையும்

சென்னை நகரைச் சார்ந்த கொளத்தூரிலும், அதற்கப்பால் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும், வண்ண மீன் வளர்ப்பு ஓர் உபதொழிலாக வேரூன்றியுள்ளது. கிணற்று நீர் வசதியும் சிறிது நிலமும் உடையவர்கள் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் முதலிய குட்டியீனும் மீன்களையும், ஏஞ்சல் முதலிய முட்டையிடும் மீன்களையும் பெருக்கி விற்கின்றனர். இத்தொழிலில் நஷ்டம் விளைவிக்கும் காரணங்களுள் குடற்புழுவும் ஒன்றாகும். சில வியாதிகள் மீன்களை இரண்டொரு நாளில் கொன்று தம்மை வெளிப்படுத்திவிடும். குடற்புழுவோ பல வாரங்கள் மறைந்திருந்து, மீனை மெலிவித்து, விற்கப்பட்ட மீனோடு வாங்கியவருடைய தொட்டிக்கும் சென்று சேரும்.

மருந்திட்டும் புழு மீண்டும் தோன்றியதெனின், குற்றம் பெரும்பாலும் மருந்தினுடையதன்று. மீனின் வயிற்றிலுள்ள புழுவை மட்டும் நீக்கி, தொட்டியிலுள்ள புழுக்குஞ்சுகளை விட்டுவைப்பதே காரணமாம்.

புழுவின் வாழ்க்கை

குட்டியீனும் மீன்களில் மிகுதியாகக் காணப்படுவது காமலானஸ் என்னும் செந்நிற உருளைப்புழு. இவ்வினத்துள் முக்கியமானது 1927-ஆம் ஆண்டில் ஜப்பானிய மீன்களிலிருந்து விவரிக்கப்பட்டது. பின்னர் வண்ண மீன் வியாபாரத்தின் மூலம் பல தேசங்களுக்கும் பரவிற்று. இப்புழு மீனின் குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். பெண்புழு முட்டையிடுவதில்லை, உயிருள்ள குஞ்சுகளையே மலவாயின் வழியாக நீரில் விடும். அக்குஞ்சுகள் தொட்டியின் அடியிற் படிந்து நெளிந்துகொண்டிருக்கும். அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் சிறு நீர்ப்பூச்சி விழுங்க, அதன் உடலினுள் வளர்ந்து மீனைத் தாக்கும் பருவத்தை அடைகின்றன. அப்பூச்சியை மீன் தின்றவுடன் புழு குடலை அடைகிறது. சைக்ளாப்ஸ் இல்லாத தொட்டியிலும், மீன் குஞ்சுகளை நேராகத் தின்பதால் நோய் சில தலைமுறைகள் தொடர்வதுண்டு.

இச்சைக்ளாப்ஸ் கிராமத்தாருக்குப் புதியதன்று. படிக்கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு முற்காலத்தில் நரம்புச் சிலந்தி நோயைத் தந்ததும் இதுவே. அந்நோய்க்கு மருந்தோ தடுப்பூசியோ இருந்ததில்லை. நீரைத் துணியில் வடிகட்டியும், கிணறுகளைச் சீர்திருத்தியுமே அது ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 1996-இல் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மீன் தொட்டிக்கும் அதே பாடம் பொருந்தும்.

நோய்க்குறிகள்

மீன் அசைவின்றி நிற்கும்போது மலவாயிலிருந்து சிவந்த நூலிழைகள் இரண்டு மூன்று வெளியே நீண்டு தெரியும். மீன் அசைந்தால் உள்ளே மறையும். இவ்விழைகளை இடுக்கியாற் பிடித்து இழுத்தல் கூடாது. குடல் கிழிந்து மீன் இறக்கும். இக்குறி காணும் காலத்தில் நோய் முற்றியிருக்கும். ஒரு மீனிற் கண்டால் அத்தொட்டியின் மீன்கள் அனைத்தையும் நோயுற்றனவாகவே கொள்ள வேண்டும்.

ஏஞ்சல், டிஸ்கஸ் மீன்களில் கபில்லாரியா என்னும் மயிரிழைப் புழு உண்டாகும். இது வெளியே தெரியாது. மீன் இரையை வாயிலிட்டு உமிழ்தல், வெண்மையான நீண்ட மலம், முதுகு மெலிதல் ஆகியவற்றால் ஐயுறலாம். ஆயினும், வயிறு ஒட்டி மெலிதல் மீன்களுக்குண்டாகும் காசநோயிலும் இரைக்குறைவிலும் காணப்படுவதால், மெலிவை மட்டும் கண்டு மருந்திடலாகாது. நோயுற்ற மீன் ஒன்றைக் கால்நடை மருத்துவரிடமோ மீன்வளத் துறை அலுவலரிடமோ கொடுத்து, குடலை உருப்பெருக்கியிற் காண்பித்தல் நலம். கபில்லாரியாவின் முட்டை இருமுனையிலும் அடைப்புள்ளதாய் எளிதில் அடையாளங் காணத்தக்கது.

மருந்து

செந்நிறப் புழுவுக்கு ஏற்றது லெவமிசோல். ஆடு வளர்ப்போர் இம்மருந்தை நன்கறிவர். இது புழுவின் தசைகளை முடக்கிக் குடலினின்றும் நழுவச் செய்யுமேயன்றி, உடனே கொல்லுவதன்று. வாங்கும்போது லெவமிசோல் ஒன்றே அடங்கியதாகக் கேட்டு வாங்க வேண்டும். ஈரற்புழுவுக்கென ஆக்ஸிக்ளோசனைடு கலந்து விற்கப்படும் ஆட்டு மருந்தை மீன் தொட்டியில் இடலாகாது.

அளவு, லிட்டர் ஒன்றுக்கு 2 மில்லிகிராம். தொட்டியின் நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகியவற்றை மீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆற் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். உதாரணமாக, நீளம் 2, அகலம் 1.5, ஆழம் 0.4 மீட்டராயின் நீர் 1,200 லிட்டர். மருந்து 2,400 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 75 மில்லிகிராம் உள்ள திரவமாயின் 32 மில்லிலிட்டர் போதுமானது. புட்டிதோறும் வீரியம் வேறுபடுமாதலால், சீட்டைப் படித்த பின்னரே கணக்கிட வேண்டும்.

செய்முறை பின்வருமாறு:

1. முதலில் அடிவண்டலைக் குழாயால் உறிஞ்சி அகற்றி, மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுக. வடிகட்டியில் கரி இருப்பின் எடுத்துவிடுக. அது மருந்தை ஈர்த்துக்கொள்ளும்.

2. வெளிச்சத்தில் மருந்தின் வீரியம் குறையுமாதலால், பொழுது சாய்ந்த பின் மருந்தைக் கரைத்து ஊற்றி, தொட்டியை மூடிவைக்க வேண்டும். காற்றுக்குழாய் இடைவிடாது ஓட வேண்டும்.

3. 24 மணி நேரத்திற்குப் பின் அடியிற் கிடக்கும் புழுக்களையும் கழிவையும் முற்றிலும் உறிஞ்சி, பாதி நீருக்குக் குறையாமல் மாற்றுக. இதைச் செய்யாவிடில், முடங்கிக் கிடக்கும் புழுக்களையும் அவற்றின் குஞ்சுகளையும் மீன்கள் மீண்டும் தின்னும்.

4. மூன்று வாரங்கழித்து மேற்கூறியவாறே மறுமுறை செய்ய வேண்டும். முதன்முறை தப்பிய குஞ்சுகள் இதற்குள் குடலிற் குடியேறியிருக்கும். அவை பெருகுமுன் நீக்குவதே இரண்டாம் சிகிச்சையின் நோக்கம். நோய்க்குறி மறைந்ததென்று இதனைக் கைவிடுவோர் முதற்செலவையும் வீணாக்குவர்.

கபில்லாரியாவுக்குப் பென்பென்டசோலை ஒரு கிலோ இரைக்கு 2.5 கிராம் வீதம் ஜெலட்டினுடன் பிசைந்து, மூன்று நாள் கொடுத்து, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் மறுபடியும் கொடுப்பர். நாடாப்புழுவாயின் இவை பயன்படா. லிட்டருக்கு 2 மில்லிகிராம் பிராசிகுவாண்டல் நீரிற் கலக்கப்படும். எம்மருந்தையும் முதலில் நாலைந்து மீன்களுக்குத் தனித்தொட்டியில் இட்டுப் பார்த்த பின்னரே மற்றவற்றிற்கு இடுதல் வேண்டும். இம்மருந்துகளின் அளவுகள் வண்ண மீன்களுக்கு மட்டுமே உரியன; உண்ணும் மீன்களுக்கு இவற்றைப் பிரயோகித்தல் கூடாது.

வராமற் காத்தல்

குளங்குட்டைகளில் வலையால் அரித்தெடுக்கும் உயிரிரை செலவின்றிக் கிடைப்பினும், சைக்ளாப்ஸையும் உடன் கொணரும். மொய்னா என்னும் நல்ல பூச்சியும் அதுவும் ஏறக்குறைய ஒரே பருமனாதலால் சல்லடையாற் பிரிக்க இயலாது. மொய்னா உருண்டையாய், தத்தித் தத்தி நீந்தும். சைக்ளாப்ஸ் பேரிக்காய் வடிவினதாய், வெட்டி வெட்டிப் பாயும். பெண்ணின் வாலருகே இருபுறமும் முட்டைப்பைகள் தொங்கும். கைக்கண்ணாடியாற் பார்த்து, சைக்ளாப்ஸ் அற்ற மொய்னாவை விதையாகக் கொண்டு தனித்தொட்டியிற் பெருக்குதலே சிறந்த வழி. அதற்குரிய நீரையும் நெருக்கமான துணியில் வடிகட்ட வேண்டும். புதிதாய் வாங்கிய மீன்களை நான்கு வாரமேனும் தனித்து வைத்துப் பார்த்த பின்னரே பழைய மீன்களுடன் சேர்க்க வேண்டும். வலை, வாளி, குழாய் ஆகியவற்றை ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றிற்கு எடுத்துச் செல்லுமுன் நன்கு கழுவி வெயிலில் உலர்த்துக.

கிராம அலுவலர் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. ஹவாய்த் தீவுகளின் ஓடைகளில், வெளியிலிருந்து கொணர்ந்துவிட்ட குட்டியீனும் மீன்களோடு இப்புழுவும் புகுந்து, அவ்விடத்துக்கே உரிய மீன்களையும் பற்றியுள்ளது. ஆகையால் தொட்டிக் கழிவு நீரும், விலைபோகாத மீன்களும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடப்படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நீரைத் தென்னந்தோப்புக்கோ பூஞ்செடிகளுக்கோ பாய்ச்சி நிலத்திற் சுவறவிட்டால் பயிருக்கும் பயனுண்டு, ஊர் நீருக்கும் கேடில்லை. மருந்து கலந்த நீரை மட்டும் அவ்வாறு பாய்ச்சாது, கிணற்றுக்குத் தொலைவில் குழி வெட்டி விடுதல் வேண்டும்.

ஒருவர் தொட்டியில் அரைகுறையாய் விடப்பட்ட புழு, விற்ற மீனோடு ஊரார் தொட்டிகளிலெல்லாம் புகும். சரியான மருந்து, சுத்தமான அடி, மூன்றாம் வாரத்தில் மறுசிகிச்சை, வடிகட்டிய நீரில் வளர்த்த இரை ஆகிய நான்கையும் ஒருங்கே கைக்கொண்டால், இந்நோயினின்றும் தொட்டியை விடுவித்தல் இயலும்.