பெருநூலகத்தைப் பிரித்தல்

கணித ஆய்வு செய்வோர்க்குச் ‘சேஜ்’ என்னும் மென்பொருள் புதிதன்று. வில்லியம் ஸ்டைன் 2005-இல் வெளியிட்டார்; எவரும் விலையின்றிப் பெறலாம். 2014 ஆகஸ்டில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்திலும் இதற்கெனப் பயிலரங்கு ஒன்று நடந்தது. எண் கோட்பாட்டுக்குப் ‘பாரி’, குலங்களுக்குக் ‘காப்’, நுண்கணிதத்துக்கு ‘மாக்சிமா’ எனச் சிதறிக் கிடந்த கருவிகளைப் பைத்தான் மொழியால் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்ததே இதன் பெருமை.

குடை பெரிதாயிற்று, பிடித்த கை நோகிறது. வரைபுக் கணக்கு ஒன்றே ஒன்று போட விரும்பும் மாணவனும் பல கிகாபைட் அளவுள்ள முழுச் சேஜையும் இறக்க வேண்டும். மூலத்திலிருந்து கட்டினாலோ பல மணி நேரம். விடுதியில் கைப்பேசி இணையத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் நமக்கு இஃது அற்பச் செய்தியா?

வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன என்பீர்கள். அங்கேதான் சிக்கல். 2022 ஏப்ரல் 4-இல் நம் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆயினும் விஜயபுரத்து மாணவன் திருப்பதிக்குப் படிக்க வருவதை அந்தக் கோடு தடுக்கவில்லை. மென்பொருளிலோ, கோட்டுக்கு அப்பாலுள்ள ஒன்றை அழைத்து அது கிட்டாவிடில் நிரலே நின்றுவிடும். முழு எண்ணைக் காரணிப்படுத்தச் சேஜ் பாரியை நாடுகிறது. ஆகவே எண்ணைத் தனியே எடுத்தால் பாரியும் உடன் வருகிறது!

வழி உண்டு. பிற பகுதிகளைக் கோப்பின் தலைப்பிலேயே அழைக்காமல், பயன்படும் கணத்தில் அழைக்கலாம். ஒரு பொருள் இன்ன வகுப்பைச் சேர்ந்ததா என்று சோதிக்க அவ்வகுப்பையே கொண்டு வராமல், அதற்குப் பெயரளவிலான ஓர் அடிப்படை வகுப்பை வைக்கலாம். நான் வியந்தது வேறு. பிரிவினைக் கோடு கணிதத் துறைவாரியாக மட்டும் செல்லவில்லை. எந்தக் கருவியைச் சார்ந்தது என்பதையே பெரிதும் பார்க்கிறது. அதனால் பல்லுறுப்புக் கோவைகளின் கோப்புறை ஒன்றே பல பொதிகளில் பங்கு போகிறது.

இப்பணியில் முன்னின்றவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து மத்தியாஸ் கோப்பே. இத்தனை மாற்றம் தேவைதானா என்று கருத்து வேறுபாடு எழுந்தது. 2024-இல் ‘பாஸேஜ்மாத்’ தனிக் கிளையாயிற்று. அதன் வரைபுப் பொதியை ‘பிப்’ கட்டளை ஒன்றால் நிறுவலாம்.

எனக்கொரு மனக்குறையும் உண்டு. சேஜில் தொடங்கியவன் எதுவும் அறியாமலே எல்லாம் பெற்றான். இனி எந்தப் பொதி வேண்டும் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். ஆக்கியோர்க்கும் வேலை கூடியது. ஆவண எடுத்துக்காட்டு எதுவாயினும், வேறு பகுதி தேவைப்பட்டால் அருகிலேயே குறித்தாக வேண்டும். இல்லையேல் சிறு பொதியை மட்டும் வைத்துச் சோதிக்கும்போது அது தோற்றுவிடும்.