குரல்வளை எடுத்தாலும் பேசலாம்



பீடி, புகையிலையால் தொண்டையில் புற்றுநோய் முற்றி, குரல்வளையையே எடுத்துவிட்டால் "இனி பேச்சே வராது" என்று வீடே இடிந்துபோகிறது. அப்படி இல்லைங்க.

அதன்பிறகு மூச்சு கழுத்துத் துளை வழியாகத்தான். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன சிலிகான் வால்வு வைப்பார்கள். துளையை விரலால் மூடிப் பேசினால், நுரையீரல் காற்று வால்வு வழியே உணவுக்குழாய்க்குள் போய் அதிரும், குரல் வரும். நாதஸ்வரச் சீவாளி அதிருமே, அது மாதிரி.

வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய். அதையும் அவ்வப்போது மாற்றணும். நம்ம குழுக் கடன் எத்தனை தடவைக்குத் தாங்கும்? இதற்காகவே பெங்களூரு புற்றுநோய் மருத்துவர் விஷால் ராவ், நண்பர் சஷாங்க் மகேஷுடன் சேர்ந்து, 2015 வாக்கில் 50 ரூபாய் விலையில் 'ஓம்' வால்வை உருவாக்கினார்.

கழுத்தில் வைத்துப் பேசும் பேட்டரி கருவியும் உண்டு. குரல்தான் மெஷின் மாதிரி இருக்கும்.

தொண்டைக் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் தேனி க.விலக்கு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ஆபரேஷன் என்றால், "பிறகு பேச என்ன வழி?" என்று முன்னாடியே டாக்டரிடம் கேளுங்கள். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது.