பழைய எம்ஜிபி: என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: 1972-ம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் கார் ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் அருமை, பெயின்ட் பளபளக்கிறது. கேட்கும் விலை நியாயமா என்று எப்படிக் கணக்கிடுவது?
– ஒரு வாசகர், லண்டன்

பதில்: நீங்கள் சொன்ன இரண்டுமே விலையைத் தீர்மானிப்பவை அல்ல. அந்த 1798 சிசி இன்ஜினுக்கு உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. துருதான் பணத்தை விழுங்கும். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’தான் அதன் முதுகெலும்பு. அது அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவை மூடிவிட்டு, அதன் பின்விளிம்பை உற்றுப் பாருங்கள். இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் சந்தேகப்படுங்கள். மெல்லிய துணியில் ஒரு காந்தத்தைச் சுற்றி, சில் நெடுக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில், பளபளப்புக்கு அடியில் இருப்பது பட்டி!

நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு பிரிட்டனில் பொதுவாக எம்ஓடி எனும் வருடாந்திர தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே ‘ஓடுகிறது’ என்பது சான்றாகாது. பழைய எம்ஓடி பதிவுகளை வண்டி எண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்தில் பாருங்கள். ‘அரிப்பு’ என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள்.

உங்களுடையது 1974-க்கு முந்தைய குரோம் பம்பர் வண்டி. பின்னால் வந்த ரப்பர் பம்பர் மாடலைவிட மதிப்பு அதிகம். ஓவர்டிரைவ் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். நல்ல நிலையில் உள்ள வண்டியின் சந்தை விலையில் வெல்டிங், பெயின்ட் செலவைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். சில் அரித்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.