கர்ப்பிணியின் காலில் புடைப்பது நரம்பா?

கர்ப்பக் காலத்தில் சில பெண்களின் காலில் நீல நிறத்தில் புழு நெளிவது போல ஒன்று புடைத்துத் தெரியும். கெண்டைக்காலிலும் முழங்காலின் பின்புறத்திலும் அதனை அதிகம் காணலாம். நம் வீடுகளில் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். மருத்துவர் 'வேரிக்கோஸ் வெயின்' என்பார். தமிழ்ப் பாடநூல் வழக்கில் இது சுருள் சிரை. மூன்றும் ஒன்றையே குறிக்கின்றன. ஆயினும் முதற்பெயர் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோய்விடுகிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது.

'நரம்பு' மிகப் பழைய சொல். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு. உடலுக்கு வரும்போது உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு, தசையை எலும்போடு பிணைக்கும் நாண், இரத்தம் ஓடும் குழாய் ஆகிய மூன்றையும் பேச்சு வழக்கில் இந்த ஒரே சொல்லால் அழைக்கிறோம். மலாய் மொழியில் 'ஊராட்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் 'வெனா', 'ஆர்ட்டெரி', 'சாராஃப்' என்று மனனம் செய்த என் போன்றோருக்கு இவை வெவ்வேறு பொருள்கள் என்பது மலாய்ச் சொற்களின் வழியேதான் உறைத்தது. வீட்டில் பேசும்போது மீண்டும் எல்லாம் நரம்பாகிவிடுகின்றன. நரம்பு என்றால் பிசகும், சுளுக்கும். எண்ணெய் தேய்த்து உருவினால் சரியாகும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சிரை என்பது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய். காலில் உள்ள இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். அதற்காகச் சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற தடுக்கிதழ்கள், அதாவது வால்வுகள், அமைந்துள்ளன. இத்தாலியின் படுவா நகரில் உடற்கூற்றியல் கற்பித்த ஃபப்ரீசியஸ் 1603இல் இவற்றை வரைபடங்களுடன் விளக்கினார். ஆனால் அவற்றின் பயனை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இரத்தம் கீழே வேகமாகப் பாய்ந்து தேங்காதபடி தடுப்பதே அவற்றின் வேலை என்று எண்ணினார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட நூலில், அவை இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்று காட்டினார். கையில் புடைத்திருக்கும் சிரையை விரலால் அழுத்தியே அவர் அதனை மெய்ப்பித்தார்.

இரத்தத்தை மேலே தள்ளும் விசை கெண்டைக்காலில் உள்ளது. நாம் நடக்கும்போது அத்தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரையின் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் அது சுமார் 30க்கு இறங்குகிறது. அதனால்தான் ஒரு மணி நேரம் நடப்பதைவிட ஒரு மணி நேரம் நிற்பது காலுக்குக் கடினம்.

கர்ப்பம் இந்த அமைப்பை மூன்று பக்கமும் நெருக்குகிறது. உடலின் இரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. புரோஜெஸ்தெரோன் எனும் இயக்குநீர் சிரையின் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை, இடுப்புக்குள் செல்லும் பெரிய சிரைகளை அழுத்துகிறது. குழந்தையின் பாரமே காரணம் என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் வயிறு தெரியாத முதல் மாதங்களிலேயே சிலருக்குச் சிரை புடைத்துவிடுவதால், இயக்குநீரின் பங்கு சிறிதன்று. சுவர் விரிந்தால் தடுக்கிதழ்களின் விளிம்புகள் ஒன்றையொன்று தொடா. இரத்தம் கீழே வழிந்து தேங்கும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது கூடக்கூடும்.

பெரும்பாலோருக்கு இது தொல்லையே தவிர ஆபத்தன்று. கால் கனக்கும், அரிக்கும், இரவில் குரக்கை பிடிக்கும். அழுத்தக் காலுறை புதிய சுருள் வராமல் தடுக்காது, ஆனால் வலியைக் குறைக்கும். காலையில் படுக்கையைவிட்டு இறங்குமுன் அதனை அணிய வேண்டும். கால் வீங்கிய பிறகு அணிவதால் பெரிய பயனில்லை. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால், முதுகெலும்பின் வலப்புறம் ஓடும் பெருஞ்சிரையின் மீது கருப்பை அழுந்துவது குறையும். தொழிற்சாலையிலும் கடையிலும் வகுப்பறையிலும் நின்றே வேலை செய்யும் கர்ப்பிணிகள் நாற்காலி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நின்று செய்யும் வேலைக்கென்றே நம் நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2002இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது.

இதே புடைப்பு பெண்ணுறுப்பின் இதழ்களிலும் வரலாம். கூச்சத்தால் தாயிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. பொதுவாக அது சுகப்பிரசவத்துக்குத் தடையாவதில்லை. பிள்ளை பிறந்து சில வாரங்களில் மறைந்தும் விடுகிறது. இதைத் தாதியிடம் சொன்னால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

பிரசவத்துக்குப் பிந்திய நாள்களையே நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். குருதிப்போக்கில் தாய் இறந்துவிடாதபடி இயற்கை கர்ப்பிணியின் இரத்தத்தை எளிதில் உறையும் நிலைக்கு மாற்றுகிறது. அந்நிலை பிள்ளை பிறந்தவுடன் நீங்குவதில்லை. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரங்களிலேயே மிக அதிகம். மிகவும் பருத்த சுருள் சிரையை அந்த ஆபத்தைக் கூட்டும் காரணங்களுள் ஒன்றாக மருத்துவர்கள் கணக்கில் எடுக்கின்றனர். அறுவைப் பிரசவம், உடற்பருமன், நீண்ட நேரம் படுத்திருத்தல் ஆகியன மற்றவை. கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகலாம். மலேசியாவில் பேறுகால மரணங்களை 1991 முதல் ஆராய்ந்துவரும் இரகசிய விசாரணையின் அறிக்கைகளில் இந்த நுரையீரல் அடைப்பு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது.

இனி நம் பத்திய நாள்களை எண்ணிப் பாருங்கள். மலாய்க்காரர்களுக்கு 44 நாள், சீனர்களுக்கு ஒரு மாதம், நம் வீடுகளில் முப்பதோ நாற்பதோ. அதே ஆறு வாரம்! 'எழுந்திருக்காதே, நடக்காதே' என்று பாட்டியும் அத்தையும் அன்போடு படுக்க வைப்பதும், பிள்ளை பெற்ற உடம்பை உருவிவிட ஆள் அழைப்பதும் இந்நாள்களில்தான். ஓய்வும் வேண்டும், பத்தியச் சோறும் வேண்டும். அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது நரம்புப் பிசகன்று. அந்தக் காலை உருவவே கூடாது. உள்ளே கட்டி இருந்தால் உருவுவது அதனைப் பெயர்த்துவிடக்கூடும். பெரும்பாலும் இடக்காலிலேயே இவ்வாறு ஏற்படுகிறது. இடக்காலின் சிரை இடுப்புக்குள் ஒரு தமனியின் அடியில் நசுங்கிச் செல்வதே காரணம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் கிளினிக்கின் திறப்பு நேரத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி பெரும்பாலும் குழந்தையின் தொப்புளையும் மஞ்சள் காமாலையையும் பற்றித்தான் கேள்வி கேட்கப்படுகிறார். காலையும் காட்டலாமே!

சிரை மேல் தோல் உரசி இரத்தம் கொட்டினால், படுக்க வைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அதன்பின் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கட்டி எதுவுமில்லாத சாதாரணச் சுருள் மூன்று நான்கு மாதங்களில் பெரிதும் வற்றிவிடும். சிலருக்கு ஓராண்டு பிடிக்கும். ஆகவே கர்ப்பத்தின்போதோ உடனடியாகவோ சிரையை மூடும் சிகிச்சை செய்வதில்லை. வற்றாமல் நின்றவற்றை இக்காலத்தில் லேசர் வெப்பத்தாலோ ஊசிவழி மருந்தாலோ மூடிவிடுகின்றனர். காலின் இரத்தத்தில் பெரும்பகுதியை ஆழ்சிரைகளே சுமப்பதால், மேலே உள்ள ஒன்றை மூடுவதால் இழப்பில்லை. இன்னும் பிள்ளை பெற்றுக்கொள்ள எண்ணுவோரை அதன்பின் வரும்படி மருத்துவர் சொல்வதும் உண்டு.