மீட்டர் விளக்கை அணைத்தால் போதுமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில், உறுப்பினர் ஒருவரின் இரண்டு தவணை பாக்கி பற்றிப் பேச்சு வந்தது. குழுக் கடனில் பழைய கார் வாங்கி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்கு ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த குடும்பம். "இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு மேடம், வண்டி ஷெட்லயே நிக்குது" என்றார். விசாரித்தோம். ஆயில் மாற்றச் சொல்லி மீட்டரில் மஞ்சள் விளக்கு வந்திருக்கிறது. மகன் செல்போனில் பார்த்து வீட்டிலேயே அதை அணைத்துவிட்டார். விளக்கு போனதும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது பழைய ஆயில்தான்.

அந்தப் பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று நமக்கே யாரும் சொல்லித்தரவில்லையே! பெரும்பாலான வண்டிகளில் அது ஆயிலைப் பார்ப்பதே இல்லை. ஓடிய கிலோமீட்டரையும் நாளையும் எண்ணும், அவ்வளவுதான். சிலிண்டர் புக் செய்ய வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். அதை அழித்தால் சிலிண்டர் நிரம்பிவிடுமா?

பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். உங்கள் வண்டியின் கணக்கு அதோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஆனால் நம் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. ஷிப்டு விடும்வரை கேட்டுக்கு வெளியே ஏ.சி. போட்டு இன்ஜினை ஓடவிடுகிறார்கள். கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் கெட்டுக்கொண்டே போகும். லாரி கிளப்பும் புழுதி வேறு. இப்படி ஓடும் வண்டிக்கு விளக்கு வரும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றிவிடுவது நல்லது.

ஆயில் மாற்றிய பிறகு விளக்கை நாமே அணைக்கலாம், அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். டொயோட்டா கார்கள் பலவற்றில் முறை இதுதான்: சாவியை 'ஆன்' செய்து, மீட்டரில் மொத்த கிலோமீட்டர் அல்லது 'டிரிப் ஏ' தெரியும்படி வையுங்கள் (எது என்று புத்தகம் சொல்லும்). சாவியை அணையுங்கள். டிரிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி 'ஆன்' வரை திருப்புங்கள். ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரில் பூஜ்யங்கள் வரும்வரை பட்டனை விடாதீர்கள். மற்ற கம்பெனி வண்டிகளில் முறை மாறும். சிலவற்றுக்கு மெக்கானிக்கின் கருவிதான் வேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத விளக்கு ஒன்று உண்டு. மூக்கு வைத்த எண்ணெய்க் குவளையிலிருந்து சொட்டு விழுவதுபோல் சிவப்பில் படம் இருக்கும். சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் சரி. ஓடும்போது எரிந்தால் ஆயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். "ஷெட் பக்கத்துலதானே இருக்கு" என்று அரை கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

மாற்றி எடுத்த ஆயிலை வாய்க்காலில் கொட்டுவதையும் பார்க்கிறோம். 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. நம் ஆரணியாற்றுத் தண்ணீர் பழவேற்காடு ஏரிக்குத்தான் போகிறது. மீன் பிடித்துப் பிழைக்கும் குழுக்கள் அங்கேயும் இருக்கின்றன. பழைய ஆயிலை கேனில் பிடித்து, சேர்த்து வாங்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அந்த உறுப்பினருக்குக் குழு மூன்று மாத அவகாசம் கொடுத்திருக்கிறது. அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்: வாகனக் கடன் வாங்கியவர்கள், ஆயில் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாஸ்புக் பார்க்கும்போது ஊக்குநர் அதையும் பார்ப்பார்.